உப்பிட்டவர் யார்? – வேதாரண்யம் உப்பளங்களின் வரலாறு

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்ற பழமொழியைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் நம்மில் அநேகமாக யாரும் இருக்க முடியாது. ஒரு வேளை சோறு போட்டவரையும் உயிருள்ளவரை மறக்காதே என்பது அதன் பொருள். சோறு, குழம்பு, கறி என்று எத்தனையோ இருக்க, நன்றிக்கு அடையாளமாக நம் முன்னோர் தேர்ந்தெடுத்தது உப்பைத்தான்.

நம் வீடுகளில் உப்புக்கு இருக்கும் மரியாதையும் தனி. இங்கே மலேசியாவிலும் புது வீடு புகும்போது பல குடும்பங்களில் முதலில் உள்ளே போவது உப்பும் மஞ்சளும்தான். விளக்கு வைத்த பிறகு பக்கத்து வீட்டுக்கு உப்புக் கடன் கொடுக்க மாட்டார்கள். என் பாட்டி உப்பைக் கையில் தரவே மாட்டார். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று சொல்லித் தட்டில் வைத்துத்தான் நகர்த்துவார்.

இவ்வளவு மரியாதை கொடுக்கும் நாம், அந்த உப்பை விளைவித்தவர் யார் என்று கேட்டிருக்கிறோமா? சோறு போட்டவரை நினைக்கச் சொல்கிறது பழமொழி. அந்தச் சோற்றுக்கு உப்புத் தந்தவரை யார் நினைப்பது? இந்தக் கேள்வியோடு தமிழகத்தின் ஓர் உப்பு மண்ணின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அந்த மண் நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள வேதாரண்யம். வரலாற்றுப் புத்தகங்களில் 1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாகிரகம் பற்றிய பத்தியில் இந்த ஊர் இரண்டு வரிகளில் வந்து போகும். அந்த இரண்டு வரிகளுக்கு முன்னும் பின்னும் நெடுங்கதை ஒன்று இருக்கிறது. இயற்கை தரையில் கொட்டி வைத்த உப்பை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதே அந்தக் கதையின் மையம். அதையே இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

தானாக விளையும் உப்பு

தமிழகத்தின் வரைபடத்தைப் பாருங்கள். சென்னையிலிருந்து தெற்கே நேராக இறங்கிவரும் கடற்கரை, ஓரிடத்தில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்த மூலைதான் கோடிக்கரை. ஒருபுறம் வங்காள விரிகுடா, மறுபுறம் பாக் நீரிணை. மூலைக்குச் சற்று வடக்கே வேதாரண்யம். அதை அடுத்துத் தெற்கே அகத்தியம்பள்ளி. வேதாரண்யத்தின் பழைய தமிழ்ப் பெயர் திருமறைக்காடு. அப்பரும் சம்பந்தரும் பாடிக் கோயில் கதவைத் திறக்கவும் அடைக்கவும் செய்த தலம் என்று தேவாரம் அறிந்தவர்கள் இந்த ஊரை உடனே அடையாளம் காண்பார்கள்.

கோடிக்கரையிலிருந்து மேற்கே முத்துப்பேட்டை வரை, கடலை ஒட்டிப் பெரும் சதுப்பு நிலம் பரந்து கிடக்கிறது. காவிரியின் கிளையாறுகள் பல தங்கள் பயணத்தை முடிப்பது இந்தப் பக்கத்தில்தான். சதுப்பின் ஒரு பகுதிக்கு அரசு ஆவணங்களில் இன்றும் 'அளக்கப்படாத உப்புச் சதுப்பு' என்றே பெயர். நீரும் நிலமும் மாறி மாறி ஆளும் இடத்தில் எல்லைக்கல் நடுவது எளிதல்ல.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது இந்தச் சதுப்பு முழுவதும் ஏரிபோல நீர் நிற்கும். மழைநீரோடு கடல்நீரும் கழிகள் வழியே உள்ளே ஏறும். தை பிறந்ததும் மழை ஓயும். மாசி, பங்குனி, சித்திரை என்று வெயில் ஏற ஏற நீர் வற்றும். வற்றிய பள்ளங்களில் வெள்ளை வெளேரென்று உப்புப் படியும். பாத்தி கட்ட வேண்டியதில்லை, மடை திறக்க வேண்டியதில்லை. வெயிலும் காற்றும் செய்யும் வேலை அது. வேதாரண்யத்தின் பிற்கால வரலாற்றுக்கெல்லாம் வித்து இதுதான். யாரும் விதைக்காமல் விளைந்து கிடக்கும் உப்பு, குனிந்து அள்ளினால் கிடைத்துவிடும்.

பாத்தியில் நடக்கும் வேலை

தானாக விளையும் உப்பு இருந்தாலும், ஆண்டுதோறும் நம்பி வாணிகம் செய்ய அது போதாது. மண்ணும் கலந்திருக்கும். ஆகவே உப்பளங்கள் தோன்றின. உப்பளத்தில் நடப்பதைப் பலர் 'கடல்நீரைக் காயவைப்பது' என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். உண்மையில் அது நுட்பமான வேலை.

ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் உப்புகள் ஏறக்குறைய 35 கிராம். அவற்றில் பெரும்பகுதி நாம் உண்ணும் சோடியம் குளோரைடு. மீதியில் சுண்ணாம்புச் சத்தும், ஜிப்சமும், கசக்கும் மெக்னீசிய உப்புகளும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே பாத்தியில் வற்றவிட்டால் கிடைப்பது கசப்பும் மண்ணும் கலந்த கலவைதான். அதனால் நீரைப் படிப்படியாக ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகிறார்கள்.

நீரின் அடர்த்தியை அளக்கும் மானியில் கடல்நீர் 3 டிகிரி அளவில் இருக்கும். முதலில் அகலமான தேக்கத்தில் நீரை நிறுத்தி வெயிலில் விடுகிறார்கள். நீர் பாதியாகச் சுண்டும்போது சுண்ணாம்பு கீழே படிகிறது. ஐந்தில் ஒரு பங்காகும்போது ஜிப்சம் படிகிறது. அவற்றைப் பின்னால் விட்டுவிட்டு, கெட்டிப்பட்ட நீரை மட்டும் உப்புப் பாத்திக்குத் திறந்துவிடுகிறார்கள். ஏறக்குறைய 25 டிகிரி வரும்போது, அதாவது முதலில் இருந்த நீரில் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும்போது, உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தொடும்முன் மிஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் மெக்னீசியம் படிந்து உப்பு கசந்துபோகும்.

இதற்கு முன்பே பாத்தியின் தரையைச் செம்மைப்படுத்தியாக வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் சேற்றை அள்ளி, களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்துச் சிமெண்டுத் தரைபோலக் கெட்டியாக்குவார்கள். தரை இளகியிருந்தால் நீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். உப்பிலும் சேறு ஒட்டிக்கொள்ளும். பிறகு நீண்ட கம்பில் பலகை பொருத்திய வாருபலகையால் உப்பை வாரி வரப்பில் ஒதுக்கி, நீர் வடிந்ததும் கூடையில் அள்ளித் தலைச்சுமையாக மேட்டில் குவிக்கிறார்கள். இத்தனை உழைப்புக்குப் பின்னும் எதிர்பாராத ஒரு கோடைமழை பெய்தால், பாத்தியில் பூத்த உப்பு ஒரே இரவில் கரைந்துவிடும். நெல் விவசாயி மழைக்காக வானத்தைப் பார்ப்பார். உப்பு விளைவிப்பவர் மழை வரக்கூடாதே என்று வானத்தைப் பார்ப்பார். இந்த இரண்டு பேரும் வேதாரண்யம் வட்டாரத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள்.

நெல்லுக்கு நிகராக

உப்பின் வரலாற்றைத் தேடும் தமிழ் மாணவனுக்கு ஒரு வசதி உண்டு. நம்மிடம் சங்க இலக்கியம் இருக்கிறது. நெய்தல் திணைப் பாடல்களில் உப்பு விளைவிப்போரும், அதை வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசெல்லும் உமணரும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். உமணர் தனியாகப் போவதில்லை. பல வண்டிகள் சேர்ந்து, குடும்பத்தோடு, மேடும் பள்ளமும் கடந்து போகிறார்கள். வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக வண்டிக்கு அடியில் 'சேம அச்சு' ஒன்றைக் கட்டிக்கொண்டு சென்றதை ஒளவையாரின் புறநானூற்றுப் பாடல் காட்டுகிறது. உப்பு விற்கும் பெண், நெல்லுக்குச் சரியாக உப்பை மாற்றிக்கொள்ளக் கூவிச் செல்வதை அகநானூறு காட்டுகிறது. ஒரு படி நெல்லும் ஒரு படி உப்பும் நிகர் என்றால் அன்றைய உப்பின் மதிப்பை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இந்தப் பாடல்களெல்லாம் வேதாரண்யத்தைப் பற்றியவை என்று நான் சொல்ல வரவில்லை. தமிழகக் கடற்கரை முழுவதற்கும் பொதுவான வாழ்க்கை அது. ஆனால் நெல் விளையும் காவிரிப் படுகையும் உப்பு விளையும் சதுப்பும் இத்தனை நெருக்கமாக ஒட்டிக்கிடக்கும் இடங்கள் குறைவு. மேற்கே நெல், கிழக்கே உப்பு, நடுவே மாட்டுவண்டி.

அள்ளினால் குற்றம்

கிழக்கிந்தியக் கம்பெனி தஞ்சாவூர்ப் பகுதியைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது 1799-இல். ஆறே ஆண்டுகளில், 1805-இல், சென்னை மாகாணத்தில் உப்புக்கு முற்றுரிமைச் சட்டம் வந்தது. உப்பை யார் விளைவித்தாலும் அதைக் கம்பெனிக்குத்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கும் விலையையும் கம்பெனியே தீர்மானிக்கும். மக்களுக்கு விற்கும் விலையையும் கம்பெனியே தீர்மானிக்கும். இரண்டுக்கும் இடையில் உள்ள தொகை கருவூலத்துக்குப் போகும். பக்கத்தில் காரைக்கால், புதுச்சேரி போன்ற பிரெஞ்சுப் பகுதிகள் இருந்தன. அங்கிருந்து மலிவான உப்பு உள்ளே வந்துவிடக் கூடாதே! 1818-இல் ஓர் ஒப்பந்தம் செய்து, அங்கே உப்பு விளைவிப்பதை நிறுத்துவதற்காக ஆண்டுதோறும் இழப்பீடு கொடுக்கவும் ஆங்கிலேயர் முன்வந்தார்கள்.

பின்னர் ஆட்சி கம்பெனியிடமிருந்து அரசியாரின் கைக்கு மாறியது. உப்பின் மீதான பிடி மாறவில்லை. 1882-இல் இந்திய உப்புச் சட்டம், 1889-இல் சென்னை உப்புச் சட்டம் என்று வரிசையாக வந்தன. உரிமம் பெற்றவர்கள் உப்பு விளைவிக்கலாம். ஆனால் வரி கட்டாமல் ஒரு மூட்டையும் களத்தைவிட்டு நகரக்கூடாது. 1860-களில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கால்வாய் ஒன்று வெட்டப்பட்டது. அந்த நீர்வழியே படகுகளில் உப்பு போனது.

இவற்றையெல்லாம்விடக் கொடுமையானது வேறொன்று. சதுப்பில் தானாக விளைந்த உப்பை என்ன செய்வது என்ற கேள்வி அரசுக்கு எழுந்தது. அது யாருடைய களத்திலும் விளைந்ததல்ல. ஆகவே அதற்கு வரி கணக்கிட வழியில்லை. ஏழைகள் அள்ளிக்கொண்டு போனால் வரி கட்டிய உப்பை வாங்குவாரும் குறைவார்கள். எனவே அதை அள்ளுவது குற்றமாக்கப்பட்டது. உப்பு இலாகாவின் காவலர்கள் சதுப்பைச் சுற்றிக் காவல் காத்தார்கள். படிந்த உப்பை மண்ணோடு மிதித்து அழிப்பதும் அவர்கள் வேலையாக இருந்தது. உணவுப் பொருளை உண்டாக்கச் சம்பளம் கொடுப்பதை நாம் அறிவோம். அதை அழிக்கச் சம்பளம் கொடுத்த அரசு அது.

வரி எவ்வளவு? 1923-இல் ஒரு மணங்குக்கு, அதாவது ஏறக்குறைய 37 கிலோவுக்கு, 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தப்பட்டு, எதிர்ப்பு வலுத்ததால் மறு ஆண்டே 1 ரூபாய் 4 அணாவாகக் குறைக்கப்பட்டது. 1930-இலும் அதுதான் வரி. பணக்காரரும் ஏழையும் ஏறக்குறைய ஒரே அளவு உப்பைத்தான் உண்கிறார்கள். சொல்லப்போனால், வெயிலில் வியர்வை சிந்தி, கூழும் கஞ்சியும் குடிக்கும் உழைப்பாளிக்குத்தான் உப்பு கூடுதலாகத் தேவை. ஆகவே உப்பு வரி, குறைவாகச் சம்பாதிப்பவரை அதிகமாகக் கடிக்கும் வரி. காந்தியடிகள் உப்பைத் தேர்ந்தெடுத்த காரணமும் இதுவே.

1930 ஏப்ரல்

காந்தியடிகள் 1930 மார்ச் 12-இல் சபர்மதியிலிருந்து புறப்பட்டு ஏப்ரல் 6-இல் தண்டியில் உப்பை அள்ளினார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 13-ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டு அன்று, திருச்சியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனின் இல்லத்திலிருந்து ராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் வேதாரண்யம் நோக்கிப் புறப்பட்டார்கள். ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தூரம். 15 நாள் நடை. அந்தப் பயணத்துக்கென்றே நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை எழுதிய பாடலைப் பாடிக்கொண்டு நடந்தார்கள்.

வேதாரண்யம் ஏன்? தமிழகத்தில் உப்பளங்கள் உள்ள ஊர்கள் பல. ஆனால் வேதாரண்யத்தில் உப்பைக் காய்ச்ச வேண்டியதில்லை; சித்திரை வெயிலில் அது தரையிலேயே கிடக்கும். அதோடு வேதரத்தினம் பிள்ளை போன்ற உறுதியான உள்ளூர்த் தலைவரும் அங்கே இருந்தார். தொண்டர்களுக்கு முகாம் அமைத்துக் கொடுத்தவர் அவரே. பிற்காலத்தில் 'சர்தார்' என்ற அடைமொழியோடு மக்கள் அவரை அழைத்தார்கள்.

தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்தவர் தார்ன் என்ற ஆங்கிலேயர். ஊர்வலத்தைத் தடுக்க அவர் கையாண்ட முறை சாமர்த்தியமானது. நடப்பவர்களைப் பிடிக்கவில்லை. அவர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்கு ஆறு மாதச் சிறை என்று அறிவித்தார். பசியால் ஊர்வலம் தானே கலைந்துவிடும் என்பது கணக்கு. கணக்குத் தப்பியது. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று போன இடமெல்லாம் மக்கள் வழி கண்டுபிடித்தார்கள். சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டதை அந்தப் பக்கத்து மக்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். கும்பகோணத்தில் தம் இல்லத்தில் இடம் கொடுத்த பந்துலு ஐயர் சிறைக்குப் போனார். அரசிடம் மக்களுக்கு இருந்த விசுவாசம் செத்துவிட்டது என்ற பொருளில் தார்ன் தம் மேலிடத்துக்கே எழுத வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 28-இல் வேதாரண்யம் வந்தடைந்தார்கள். 30-ஆம் நாள் காலை ராஜாஜியும் சில தொண்டர்களும் உப்புச் சதுப்புக்குச் சென்று உப்பை அள்ளினார்கள். ராஜாஜி கைது செய்யப்பட்டு ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அதோடு முடியவில்லை. அணி அணியாகத் தொண்டர்கள் வந்து உப்பை அள்ளினார்கள், தடியடி பட்டார்கள், சிறை சென்றார்கள். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற முதல் பெண்மணி என்று போற்றப்படும் ருக்மிணி லட்சுமிபதி கைதானது இங்கேதான். பிற்காலத்தில் முதலமைச்சரான காமராஜரும் இந்தப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். வேதரத்தினம் பிள்ளை சிறை சென்றதோடு சொத்துகளையும் பறிகொடுத்தார்.

பெரிய தலைவர்களின் பெயர்களுக்கிடையே ஓர் எளியவரின் பெயரையும் வேதாரண்யம் மறக்கவில்லை. அவர் முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பன். தொண்டர்களை அடித்த காவலர்களுக்குச் சவரம் செய்வதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். தம் முன் அமர்ந்திருப்பவர் காவலர் என்று பாதிச் சவரத்தில் தெரியவந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அதற்காகச் சிறையும் சென்றார் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்தி. அவருக்கு அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. ஆனால் அதே சதுப்பின் ஓரத்தில் தலைமுறை தலைமுறையாக உப்பு வாரியவர்களில் ஒருவர் பெயரைக்கூட நான் படித்த எந்த நூலிலும் காண முடியவில்லை.

வரி போன பிறகு

1947-இல், நாடு விடுதலை பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பே, உப்பு வரி நீக்கப்பட்டது. அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளிய இடத்தில் நினைவுத்தூண் எழுந்தது. ஏப்ரல் தோறும் அங்கே நினைவு விழா நடக்கிறது. பாடநூல் கதை இத்துடன் முடிந்துவிடுகிறது. உப்பளத்தின் கதை முடியவில்லை.

வேதாரண்யம் பகுதியில் இன்று இருவகை உப்பளங்கள் உள்ளன. ஒருவகை, சிறு உற்பத்தியாளர்கள் குத்தகை நிலத்தில் பாத்தி கட்டி விளைவிப்பது. மற்றொன்று, பெரிய நிறுவனங்கள் இரசாயனத் தொழிற்சாலைகளுக்காக விளைவிப்பது. உப்பு என்றால் நமக்குச் சமையலறைதான் நினைவுக்கு வரும். உண்மையில் காஸ்டிக் சோடா, குளோரின், சோப்பு, கண்ணாடி, தோல் பதனிடுதல் என்று தொழிற்சாலைகள் விழுங்கும் உப்பு மிக அதிகம்.

நான் வேதாரண்யத்துக்குச் சென்றது ஒரு மாசி மாதத்தில். வெயில் ஏறும் முன்பே ஆட்கள் பாத்தியில் இறங்கியிருந்தார்கள். பெண்கள் பலர் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை அணிந்து, தலையில் துண்டைச் சுற்றியிருந்தார்கள். எட்டு மணிக்கெல்லாம் வெண்மையைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. மேலிருந்து அடிக்கும் வெயில் ஒன்று, உப்பிலிருந்து எதிரொளிக்கும் வெயில் மற்றொன்று. பகல் முழுதும் அதில் நிற்பவர்களுக்குக் கண் கூசிப் பார்வை கெடுவதும், உவர்நீரில் ஊறிய காலில் வெடிப்பும் புண்ணும் ஆறாமல் இருப்பதும் வாடிக்கை. காலுக்கு ரப்பர் காலணியும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் இருந்தாலே பாதித் துன்பம் குறையும்.

இன்னொரு துன்பம், வேலையில்லாத மாதங்கள். மழை தொடங்கினால் பாத்தி மூழ்கும், கூலி நின்றுவிடும். தமிழ்நாடு அரசு 2022-இல் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஐப்பசி முதல் மார்கழி வரை அடுப்பெரிய அந்தத் தொகை போதுமா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆனாலும் உப்பு வாருபவர்களின் வேலையில்லா மாதங்களை ஓர் அரசு கணக்கில் எடுத்துக்கொண்டதே ஒரு தொடக்கம்தான்.

அயோடின் கலந்த கேள்வி

சிறு உற்பத்தியாளர்களின் வாழ்க்கையை மாற்றிய மற்றொரு செய்தி அயோடின். உணவில் அயோடின் குறைந்தால் கழுத்துக் கழலை வரும். கருவில் உள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும். எல்லாரும் உண்ணும் பொருளில் அயோடினைச் சேர்த்துவிடுவதே எளிய தீர்வு என்று உலகின் பல நாடுகள் முடிவெடுத்தன. இந்தியாவில் அயோடின் கலக்காத உப்பை உணவுக்காக விற்க 1998-இல் தடை வந்தது; 2000-இல் நீக்கப்பட்டது; 2006-இல் மீண்டும் வந்தது.

அயோடினின் நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் அதைச் சேர்க்க உப்பை அரைக்க வேண்டும், தெளிக்கும் இயந்திரம் வேண்டும், அளவைச் சோதிக்க வேண்டும், பொட்டலம் கட்ட வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு செலவு. இரண்டு ஏக்கரில் கல்லுப்பு விளைவிப்பவருக்கு இது ஒரு சுவர். விளைந்த உப்பை நேரடியாக உணவுக்கு விற்க முடியாமல், கருவாட்டுக்கும் தொழிற்சாலைக்கும் இடைத்தரகர் சொல்லும் விலைக்குக் கொடுக்கும் நிலைக்கு அவர் வந்துவிடுகிறார். 1805-இன் சட்டத்தையும் இதையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. அது கருவூலத்துக்காக, இது குழந்தைகளுக்காக. என்றாலும், நல்ல நோக்கமுள்ள சட்டமும் சிறியவர்களின் தோளில் எவ்வளவு சுமை ஏற்றுகிறது என்று பார்த்தாக வேண்டும். பல சிறு உற்பத்தியாளர்கள் சேர்ந்து பயன்படுத்தப் பொது இயந்திரம் இருந்தால் நோக்கமும் நிறைவேறும், அவர்களும் பிழைப்பார்கள்.

புயலும் பூநாரையும்

கடலோரத் தொழில் கடலின் கருணையில் நிற்பது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழகத்தில் மிகப் பெரிய அழிவைச் சந்தித்தது நாகப்பட்டினம் மாவட்டம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது வேதாரண்யம் அதன் பாதையிலேயே இருந்தது. புயலில் விழுந்த தென்னைகளைப் படங்களில் பார்த்தோம். உப்பளங்களின் மீது ஏறிய சேற்றை அவ்வளவாகப் பார்க்கவில்லை.

இந்தச் சதுப்புக்கு மனிதரல்லாத உரிமையாளர்களும் உண்டு. கோடிக்கரை 1967-இல் வனவிலங்கு சரணாலயமானது. 2002-இல், சதுப்பும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் சேர்ந்த பெரும்பரப்பு ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் பூநாரைகள் உவர்நீரில் கால் ஊன்றி இரை தேடுவதைக் காண ஆட்கள் வருகிறார்கள். உப்பளங்கள் விரிந்துகொண்டே போனால் பறவைகளுக்கு இடம் சுருங்கும். எல்லை இறுகினால் சிறு குத்தகையாளர்களுக்கு இடம் சுருங்கும். அளக்கப்படாத சதுப்பை அளக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

நல்ல செய்தியும் உண்டு. பல ஆண்டுகள் நின்றுபோயிருந்த திருத்துறைப்பூண்டி – அகத்தியம்பள்ளி இரயில் பாதை, அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 37 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையின் முக்கியப் பயன்களில் ஒன்றாக அரசு குறிப்பிட்டது உப்பு ஏற்றுமதியைத்தான்.

நமக்கு என்ன?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நமக்கு வேதாரண்யம் என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். நம் முன்னோரில் பலர் கப்பலேறிய துறைமுகம் நாகப்பட்டினம். வேதாரண்யத்து உப்பு படகில் வந்து இறங்கிய அதே ஊரிலிருந்துதான் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல்கள் புறப்பட்டன. தஞ்சை மண்ணிலிருந்து பிழைப்புத் தேடி வந்த அவர்கள், வரி கட்டிய உப்பைத் தின்று வளர்ந்தவர்கள். பால்மரக் காட்டில் அவர்கள் உழைத்த உழைப்பையும், உப்பளத்தில் அவர்களுடைய உறவினர்கள் உழைத்த உழைப்பையும் எழுதி வைத்தவர் சிலரே. இங்கே தோட்டப் பாட்டாளியின் கதையை நாம் தேடித் தொகுக்கத் தொடங்கியிருக்கிறோம். அதே கண்ணோடு உப்பளத்தையும் பார்க்கலாம்.

பல்கலைக்கழக மாணவர்களான நமக்கு வாய்ப்பும் இருக்கிறது. வரலாறு, மானிடவியல், பொருளியல், சுற்றுச்சூழல் என்று எந்தத் துறையில் இருப்பவருக்கும் வேதாரண்யத்தில் ஆய்வுப் பொருள் உண்டு. ராஜாஜியைப் பற்றியும் 15 நாள் நடையைப் பற்றியும் நூல்கள் இருக்கின்றன. பாத்தி மிதிக்கும் பெண்களின் சொற்கள், அவர்கள் நீரின் டிகிரியைக் கண்ணால் பார்த்தே சொல்லும் அறிவு, மழை மாதங்களில் அவர்கள் வாங்கும் கடன், பிள்ளைகளை அந்தத் தொழிலுக்கு அனுப்புவார்களா மாட்டார்களா என்ற முடிவு – இவை இன்னும் எழுதப்பட வேண்டியவை. அடுத்த முறை விடுமுறையில் தமிழகம் செல்லும் நண்பர்கள் கோயில்களோடு திரும்பிவிடாமல் அகத்தியம்பள்ளிக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். நினைவுத்தூணைப் பார்த்துவிட்டு, அதற்கு அப்பால் பாத்தியில் நிற்பவர்களிடமும் சில வார்த்தை பேசுங்கள்.

உப்பிட்டவரை நினைக்கச் சொன்னார்கள் நம் பெரியோர்கள். இலையில் உப்பு வைத்தவரோடு அந்த நினைவு நின்றுவிட வேண்டாம். பாத்தியில் உப்பு வாரியவரையும் அது சென்று சேரட்டும்.